கோடைப் படத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பும் முன்: வேலூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு கோடைக்கு முன்பு ஒரு பேய்ப் படத்துக்கு வீட்டிலிருந்து எட்டுப் பேர் போனோம். காமெடிப் பேய்தானே, பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று சொல்லி டிக்கெட் போட்டவன் நான். படம் தொடங்கி அரை மணி நேரத்தில் அண்ணன் மகள் தன் இருக்கையை விட்டு என்னிடம் வந்து, என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வயது. மொத்தத் தியேட்டரும் சிரித்த காட்சியில்கூட அந்தப் பிடி தளரவில்லை. இடைவேளையில் பாப்கார்ன் வேண்டாம் என்றாள். "சித்தப்பா, அந்தப் பாப்பா கிணத்துல ஏன் விழுந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் பத்து நாள், ராத்திரியில் பாத்ரூம் வாசலில் அண்ணி நின்றால்தான் உள்ளே போனாள்.

நான் பள்ளிக்கூட நாளிலிருந்து வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கிறவன். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வரை எந்தத் தியேட்டரில் எந்த வரிசையில் உட்கார்ந்தால் சத்தம் சரியாக இருக்கும் என்று சொல்வேன். அப்படிப்பட்டவனே இந்தத் தவறைச் செய்தேன் என்றால், வருஷத்துக்கு இரண்டு படம் பார்க்கிற குடும்பம் என்ன செய்யும்? அதனால்தான் இதை எழுதுகிறேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வரிசையாகப் படம் வரும், பிள்ளைகளுக்கு லீவு, ஊரிலிருந்து அத்தை, மாமா எல்லாரும் வந்திருப்பார்கள். போகத்தான் தோன்றும், போகவும் வேண்டும். ஆனால் நாம் ஹீரோவைப் பார்த்துப் படத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு குடும்பத்தை அதற்குள் திணிக்கிறோம். போகிற கூட்டத்தில் ஆகச் சின்னப் பிள்ளை யார், ஆக வயதானவர் யார் என்று பார்த்துவிட்டுப் படத்தைத் தேடினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

யு ஏ என்றால் எல்லாரும் பார்க்கலாம் என்று நினைப்பது

இதுதான் பெரிய தவறு. "யு ஏ தானே, ஏ இல்லையே" என்று சொல்லித்தான் முக்கால்வாசிப் பேர் டிக்கெட் எடுக்கிறார்கள். தணிக்கைச் சான்றிதழில் யு என்றால் எல்லாருக்கும். ஏ என்றால் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். நடுவில் இருக்கும் யு ஏ-வுக்கு, பெற்றோர் யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்று அர்த்தம். 1983-லிருந்து 40 வருஷம் அந்த ஒரே எழுத்துக்குள் பள்ளிக்கூடக் காமெடியும் இருந்தது, கழுத்தை அறுக்கிற கேங்ஸ்டர் படமும் இருந்தது. 2023-ல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, யு ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். இப்போது வருகிற படங்களில் அந்த எண் இருக்கிறது. எழுத்தைப் பார்த்துவிட்டு எண்ணை விட்டுவிடாதீர்கள். டிக்கெட் போடும் ஆப்பில் படத்தின் பெயருக்குக் கீழேயே, ஓடும் நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். திரையில் சான்றிதழ் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதற்குள் பிள்ளை இருக்கையில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். யு ஏ எண்ணைக் காட்டித் தியேட்டர்காரர் உங்களைத் தடுக்க மாட்டார். 16+ படத்துக்கு ஏழு வயதுப் பிள்ளையோடு போனாலும் உள்ளே விடுவார்கள். அந்த எண் பெற்றோருக்குச் சொல்லும் யோசனை மட்டும்தான். வாசலில் யாரும் தடுக்காததால் பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, முடிவு முழுக்க நம் கையில் இருக்கிறது.

ஏ படம் அப்படி இல்லை, அப்பா அம்மா கூட வந்தாலும் பிள்ளையை விடக் கூடாது என்பதுதான் சட்டம். 2025 ஆகஸ்டில் ரஜினி நடித்த கூலி ஏ சான்றிதழோடு வந்தபோது நிறையக் குடும்பங்களுக்கு அது ஏமாற்றம். ரஜினி படம் என்றால் தாத்தா முதல் பேரன் வரை போவது என்று பழகிய ஊர் இது. சான்றிதழைப் பார்க்காமல் முன்பதிவு செய்துவிட்டு, வாசலில் வாக்குவாதம் செய்து பலன் இல்லை. பிள்ளை அழுவதுதான் மிச்சம்.

முன்பெல்லாம் இவ்வளவு யோசிக்கவில்லையே என்று அம்மா கேட்பார். அதற்குக் காரணம் இருக்கிறது. 2011-லிருந்து தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் படத்துக்குத் தமிழ்ப் பெயர் இருந்தால் மட்டும் போதாது, யு சான்றிதழும் வேண்டும் என்று வைத்தார்கள். வரி மிச்சமாகும் என்பதால் தயாரிப்பாளர்கள் ரத்தத்தைக் குறைத்து, வசனத்தை மௌனமாக்கி, எப்படியாவது யு வாங்கப் பார்த்தார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த விலக்குக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. யு-வுக்காக வெட்டிக்கொள்ளும் அவசியமும் போனது. மறுபக்கம், ஏ படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. அதனால் டிவி உரிமைப் பணத்தை நம்பும் படங்கள் ஏ-வுக்கு ஒரு படி கீழே, யு ஏ-வில் வந்து நிற்கப் பார்க்கின்றன. யு ஏ படங்களின் கூட்டம் பெருத்ததில் இந்த இரண்டுக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

ட்ரெய்லரையும் பாட்டையும் நம்புவது

யூடியூபில் வரும் ட்ரெய்லருக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. தியேட்டரில் போடும் ட்ரெய்லருக்குத் தேவை. எப்படியிருந்தாலும் இரண்டுமே படத்தை விற்க வெட்டியவை. காமெடிக் காட்சிகளை எல்லாம் இரண்டு நிமிடத்தில் அடுக்கிவிட்டால் எந்தப் படமும் குடும்பப் படமாகத் தெரியும். பாட்டு அதைவிட மோசம். ரீல்ஸில் கேட்டுக் கேட்டு நாலு வயதுப் பிள்ளை அந்தப் பாட்டுக்கு ஆடும், "அந்தப் படம்தான் வேணும்" என்று அடம் பிடிக்கும். பாட்டு மூன்றரை நிமிடம், மீதி இரண்டரை மணி நேரம் அரிவாள். போன கோடையில் அப்படி ஒரு படத்தில் என் அம்மா இடைவேளையில் வந்து, "இன்னாடா படம் இது, வந்ததுலேர்ந்து வெட்டிக்கினே இருக்கான்" என்றார். அம்மாவுக்குக் கோபம் இல்லை, தலைவலி. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பேய்க் காமெடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கோடை வந்தால் அதுவும் வரும், கூட்டமும் குடும்பம் குடும்பமாகத்தான் வரும். பெரியவர்களுக்குப் பேய் வந்ததும் சிரிப்பு வரும் என்று தெரியும், அதனால் பயமில்லை. ஆறேழு வயதுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதிலும் பேய்க்கு ஒரு முன்கதை வைப்பார்கள், அந்த முன்கதையில் ஒரு தாயோ குழந்தையோ சாகும். பேயின் மேக்கப்பைவிட அதுதான் பிள்ளை மனதில் தங்குகிறது. அண்ணன் மகள் கேட்டதும் பேயைப் பற்றி இல்லை, கிணற்றில் விழுந்த பாப்பாவைப் பற்றித்தான்.

முதல் நாளே கூட்டிப் போவது

கல்யாணத்துக்கு முன்பு நண்பர்களோடு விடியற்காலைக் காட்சிக்காகச் சித்தூர் வரை பைக்கில் போயிருக்கிறேன். காட்பாடியிலிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. தமிழ்நாட்டில் சிறப்புக் காட்சிகூடக் காலை 9 மணிக்குத்தான் தொடங்க வேண்டும் என்று வந்தபின், எல்லையோர ஊர்க்காரர்களுக்கு ஆந்திரா பக்கம்தான் கண் போகும். அந்தக் கொண்டாட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அதில் வளர்ந்தவன் நான். ஆனால் அது குடும்பத்துக்கான நாள் இல்லை. விசிலில் வசனம் கேட்காது. முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பிள்ளைக்குத் திரை தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படம் எப்படி என்று சொல்ல அன்றைக்கு ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை வரை பொறுங்கள். 2025 மே 1 அன்று ரெட்ரோவும் டூரிஸ்ட் ஃபேமிலியும் ஒரே நாளில் வந்தன. பெரிய கட்டவுட்டும் பெரிய எதிர்பார்ப்பும் ரெட்ரோவுக்கு. இலங்கையிலிருந்து வரும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்ன டூரிஸ்ட் ஃபேமிலி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே நாட்கள் போகப் போகக் கூட்டம் சேர்த்தது. முதல் நாளே சுவரொட்டியைப் பார்த்து முடிவு செய்த குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

யாரிடம் கேட்பது? தியேட்டர் வாசலில் மைக்கைப் பார்த்துக் கத்துகிறவரிடம் வேண்டாம். உங்கள் பிள்ளை வயதில் பிள்ளை உள்ள ஒருவரிடம் கேளுங்கள். "படம் நல்லா இருக்கா?" என்றும் கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் "சூப்பர்" என்பார்கள். குழந்தையை அடிக்கிற, கடத்துகிற காட்சி இருக்கிறதா, ரத்தம் நெருக்கத்தில் காட்டுகிறார்களா, மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடியாத இரட்டை அர்த்த வசனம் வருகிறதா, உங்கள் பிள்ளை எந்த இடத்தில் எழுந்து வெளியே போக ஆரம்பித்தது? கடைசிக் கேள்வி ஒன்றே போதும் என்றுகூடச் சொல்வேன்.

காத்திருந்தால் படம் போய்விடும் என்ற பயமும் இப்போது தேவையில்லை. பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நாலு வாரம் ஆனதும் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. சந்தேகமான படத்தைப் பெரியவர்கள் மட்டும் தியேட்டரில் பார்த்துவிட்டு, பிறகு வீட்டில் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு பார்க்கலாம்.

நேரத்தைக் கணக்குப் போடாதது

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும். தமிழ்நாட்டில் அதிக வெயில் பதிவான ஊர்ப் பட்டியலில் வேலூர் இல்லாத கோடை எனக்கு ஞாபகமில்லை. அந்த நாட்களில் மேட்னிக்குப் போவது சுகம் மாதிரித் தெரியும், ஏசியில் மூன்று மணி நேரம். ஆனால் ஒன்றரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், வண்டியை வெட்டவெளியில் நிறுத்த வேண்டும். படம் முடிந்து வந்தால் ஸ்கூட்டர் சீட்டில் கை வைக்க முடியாது. குளிரிலிருந்து நேராக அனலுக்குள் வரும் பிள்ளைக்கு அன்று ராத்திரியே தலைவலி, வாந்தி. கோடையில் காலைக் காட்சிதான் குடும்பத்துக்கு நல்லது என்பது என் கட்சி. அதற்கு அடுத்து மாலைக் காட்சி. எப்போது போனாலும் சின்னப் பிள்ளைக்கு ஒரு மெல்லிய துண்டோ சால்வையோ பையில் இருக்கட்டும், உள்ளே குளிரும்.

இரவுக் காட்சியைக் குடும்பத்துக்கு நான் சொல்லவே மாட்டேன். இப்போதைய படங்கள் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடுகின்றன, முடிய ஒரு மணியைத் தாண்டும். கணியம்பாடி, அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் மாலைக் காட்சிக்கே கடைசி பஸ்ஸை விசாரித்துக்கொண்டுதான் டிக்கெட் போட வேண்டும். குடியாத்தம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வெளியூரிலிருந்து வந்திருக்கும் சொந்தத்துக்காகச் சொல்கிறேன்: வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்கு அந்த ஊர் வழியாகப் படத்துக்குப் போகத் திட்டம் போடாதீர்கள். திருவிழாவையே பாருங்கள்.

வேலூரில் மட்டும் அதிகமாக நடக்கும் ஒரு தவறு உண்டு. கல்லூரி மாணவர்கள், மருத்துவமனைக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் என்று பல மொழிக்காரர்கள் இருக்கிற ஊர் இது. அதனால் ஒரே படம் தமிழிலும் தெலுங்கிலும் ஓடும், கார்ட்டூன் படமென்றால் இங்கிலீஷிலும் ஓடும். அவசரத்தில் வசதியான நேரத்தைத் தொட்டுவிடுகிறோம், மொழியைப் பார்ப்பதில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் ஐந்து டிக்கெட் போட்டு, தெலுங்குப் பதிப்பில் போய் உட்கார்ந்தார். அதேபோல் 3டி. பெரியவர்கள் அளவுக்குச் செய்த கண்ணாடி சின்ன மூக்கில் நிற்காது, படம் முழுக்கப் பிள்ளை அதைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கும். ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் 2டி போதும்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று மட்டும். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நேரத்தில் இலவசமாகச் சுத்தமான குடிநீர் தர வேண்டும், கைக்குழந்தைக்குத் தேவையான உணவைப் பெற்றோர் கொண்டுவந்தால் தடுக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. பால் புட்டியை யாராவது வாசலில் வாங்கி வைக்கச் சொன்னால் பொறுமையாக இதைச் சொல்லுங்கள்.

வயதானவர்களுக்கு நடைபாதை ஓரத்து இருக்கை, படி குறைவான வரிசை. அவ்வளவுதான், ஆனால் நாம் அதைப் பார்ப்பதே இல்லை. சர்க்கரை உள்ள அப்பா நடு இருக்கையில் மாட்டிக்கொண்டால், பத்துப் பேர் முழங்காலைத் தாண்ட வெட்கப்பட்டுக்கொண்டு பாத்ரூமை அடக்கிக்கொண்டே படம் பார்ப்பார். கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பார்.

காசு கொடுத்தாச்சு, உட்காரு

கடைசியாகச் செய்யும் தவறு இது. படம் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று பாதியிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கோ என்று பிள்ளையிடம் சொல்லுவோம். கண்ணை மூடினாலும் காது திறந்துதான் இருக்கிறது. தியேட்டர் சத்தத்தில் அது பார்ப்பதைவிடப் பெரிய பயம்.

அன்றைக்கு நானும் இடைவேளைக்குப் பிறகு அவளை மறுபடி உள்ளே கூட்டிப் போனேன். இந்த ஏப்ரலில் வேறொரு படம், சண்டைக் காட்சி நீண்டுகொண்டே போனது. அவள் கை என் பக்கம் வந்ததும் நான் எழுந்துவிட்டேன். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பாப்கார்னை இரண்டு பேரும் தின்றோம். உள்ளே இருந்து குண்டுச் சத்தம் கேட்டபோதெல்லாம் அவளே எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு வரை எண்ணினாள். பிறகு, "சித்தப்பா, ஹீரோ ஜெயிச்சுடுவாரு இல்ல?" என்றாள். ஜெயித்துவிடுவார் என்றேன். அண்ணன் வெளியே வந்ததும் அவரிடமும் அதையே கேட்டு உறுதி செய்துகொண்டாள். அன்று ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகத்தான் போனாள் என்று மறுநாள் அண்ணி போனில் சொன்னார்.