ஜனநாயகமும் தொழில் சுதந்திரமும்: வாதத்திலும் வழக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘மக்கள் தேர்ந்தெடுத்த சபை சட்டம் போட்டால் யாருடைய தொழிலையும் நிறுத்தலாம், அதுதானே ஜனநாயகம்’ என்ற வாதம் தேர்தல் மேடையிலிருந்து டீக்கடை வரை கேட்கிறது. அரசியலமைப்பு அப்படிச் சொல்லவில்லை. எந்தத் தொழிலையும் வணிகத்தையும் செய்யும் உரிமையைப் பிரிவு 19(1)(ஜி) குடிமக்களுக்குத் தருகிறது. அதற்குப் பொதுநலன் கருதி ‘நியாயமான’ கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது 19(6). நியாயமானதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை.

இதற்குப் பழைய பீடி வழக்கைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. இன்றைய மத்தியப் பிரதேசப் பகுதிகள் அடங்கிய அன்றைய மத்திய மாகாணத்தில் 1948-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, விவசாய வேலைக் காலத்தில் குறிப்பிட்ட கிராமங்களில் பீடி தயாரிப்பையே தடை செய்யலாம். வயலுக்கு ஆள் வேண்டும் என்பது நோக்கம். 1950-ல் சிந்தாமன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நோக்கத்தில் குறை சொல்லவில்லை. வயலில் இறங்கவே முடியாத முதியவர்களையும் உடல் நலிந்தவர்களையும் சேர்த்து முடக்கியதுதான் குறை. தேவைக்கு மேல் அகலமான தடை நிற்காது.

இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்பவர்களும் உண்டு. ‘என் உரிமை பறிபோனது’ என்று மட்டும் எழுதிய மனு பெரும்பாலும் எடுபடாது. தடைக்கும் அதன் நோக்கத்துக்கும் தொடர்பு உண்டா, இதைவிட லேசான வழி இருந்ததா, என்ன பாதிப்பைத் தடுக்க இது வந்தது என்று கேட்டு, கணக்குப் புத்தகமும் உத்தரவு நகலும் இணைக்க வேண்டும். பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்க உதவும் நிறுவனங்களுக்கு வங்கிச் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் விட்ட சுற்றறிக்கை, 2020 மார்ச்சில் ரத்தானது இந்த வழியில்தான். அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் வங்கிகளுக்கு நேர்ந்த பாதிப்பு எதையும் ரிசர்வ் வங்கி காட்டவில்லை என்றது. மது வணிகத்தில் மட்டும் இந்த வாதத்தை நம்பாதீர்கள். அதை அடிப்படை உரிமையாகக் கோர முடியாது.

நிறுவனத்தின் பெயரில் மட்டும் வழக்குப் போடுவது இன்னொரு தவறு. கம்பெனி ‘குடிமகன்’ அல்ல, அதனால் 19-ஐ அது நேரடியாகக் கோர முடியாது. பங்குதாரர் ஒருவரை மனுதாரராகச் சேருங்கள். 1970 வங்கி தேசியமயமாக்கல் வழக்கு அப்படி ஒரு பங்குதாரர் போட்டதுதான். சமத்துவம் கோரும் 14-வது பிரிவு எல்லோருக்கும் பொது. சொத்துரிமையை அடிப்படை உரிமை என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் 44-வது திருத்தத்துக்குப் பின் அது பிரிவு 300ஏ-வின் கீழ் வரும் அரசியலமைப்பு உரிமை, அடிப்படை உரிமை அல்ல.

தொழில் சுதந்திரம் என்றால் பெரிய முதலாளி விஷயம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. தள்ளுவண்டிக்காரருக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை அப்புறப்படுத்தக் கூடாது. அதன் பிறகும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் நகல் கேட்டு வாங்குங்கள். கட்டணம் கட்டியதும் அழுகும் பொருளை அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளில் திருப்பித் தர வேண்டும். பட்டியல் வாங்காமல் வீடு திரும்பினால் பிறகு எதையும் நிரூபிப்பது கடினம்.

எல்லாவற்றிலும் பெரிய குழப்பம், தொழிலதிபருக்குச் சலுகை தருவதைத் தொழில் சுதந்திரம் என்று நினைப்பது. 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, தொழில் செய்ய எதற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்ற முறையை ‘லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ்’ என்று சாடினார். அந்த ஏற்பாட்டில், ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்தவருக்குப் போட்டியாளர் வராததே லாபம். அப்போதும் தேர்தல்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. 1991 ஜூலையில் 18 தொழில்கள் தவிர மற்றவற்றுக்குத் தொழில் உரிமம் ஒழிந்தது. ஆனாலும் அலைக்கற்றை, சுரங்கம் போன்றவை அரசின் கையில்தான் இருந்தன. 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்தது, அவற்றைப் பங்கிட்ட விதம் தன்னிச்சையானது என்பதால்.

கட்சிகளுக்கு நிறுவனங்கள் தரும் நன்கொடையும் இதோடு சேர்ந்ததே. மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் என்று கம்பெனி நன்கொடைக்கு இருந்த உச்சவரம்பு 2017-ல் நீக்கப்பட்டது. நட்டத்தில் ஓடும் நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்றானது. 2024 பிப்ரவரி 15 அன்று, கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தர உதவிய தேர்தல் பத்திரங்களோடு இந்த நீக்கமும் செல்லாது என்று தீர்ப்பானது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு தந்தார்கள் என்பதை இப்போது நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கில் காட்டியாக வேண்டும். பங்கு வைத்திருப்பவர்கள் ஆண்டறிக்கையில் அந்த வரியைத் தேடிப் பார்க்கலாம்.