நான்ஸ்டிக் பேன் வாங்கும்போது முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

கடையில் நான்ஸ்டிக் பேனைக் கையில் எடுத்ததும் எல்லோரும் உள்பக்கத்தைத்தான் தடவிப் பார்க்கிறோம். வழவழவென்று இருக்கிறது, சரி, நல்ல பேன்தான் என்று எடுத்து வந்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கினேன். எங்கள் வீட்டில் 12 வருடமாகக் காலைச் சமையல் என் பொறுப்பு. இதுவரை 5 பேன் வீணாகி, இப்போது 6-வது அடுப்பில் இருக்கிறது. புதிதாக வாங்கும் எந்தப் பேனிலும் முட்டை வழுக்கிக்கொண்டுதான் ஓடும். அதனால் உள்பக்கத்து வழவழப்பை வைத்து நல்லது கெட்டது சொல்லவே முடியாது.

விலை குறைந்த பேனில் பூச்சு எப்படியும் ஒருநாள் போகத்தான் போகிறது. தினமும் சமைக்கும் என் வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு இரண்டரை வருடம் வருகிறது. ஆறு மாதத்தில் போகுமா, இரண்டு வருடம் நிற்குமா என்பது பெரும்பாலும் பூச்சுக்கு அடியில் இருக்கும் உலோகத்தைப் பொறுத்தது. ஆகவே கடையில் பேனைக் கவிழ்த்துப் பிடித்து அடிப்பாகத்தைப் பாருங்கள்.

என் மூன்றாவது பேன் தகடு மாதிரி லேசாக இருந்தது. தூக்கச் சுலபம் என்று ஆசைப்பட்டு வாங்கினேன். ஒருநாள் அவசரத்தில், அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு குழாயடியில் பிடித்துவிட்டேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். நடுப்பகுதி மேல்நோக்கி லேசாகப் புடைத்துக்கொண்டது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மறுநாள் எண்ணெய் விட்டபோதுதான் புரிந்தது: எண்ணெய் முழுவதும் ஓரத்துக்கு ஓடி வட்டமாகத் தேங்கியது, நடுவில் ஒரு சொட்டு நிற்கவில்லை. அந்தக் காய்ந்த நடுப்பகுதியில் முட்டை பிடிக்க ஆரம்பித்தது, அங்கேதான் பூச்சும் முதலில் வெளுத்தது. பூச்சு மோசம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கோணியது அடித்தகடு.

இந்தப் பேன்கள் பெரும்பாலும் அலுமினியத்தில் செய்யப்படுபவை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட அலுமினியம் சுமார் 15 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் தகடு மெல்லியதாக இருந்தால் அந்த வெப்பம் பக்கவாட்டில் பரவ இடம் போதாது. தீ படும் இடம் கருகும், ஓரம் வேகாது. அடிகனமான பாத்திரம் என்று வீட்டில் பெரியவர்கள் தேடித் தேடி வாங்குவதற்குக் காரணம் இதுதான், நான்ஸ்டிக்குக்கும் அதே கணக்குதான்.

கனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையில் மில்லிமீட்டர் போட்டிருந்தால் 3 இருப்பதை எடுங்கள், 2.5-க்குக் கீழே வேண்டாம். விளிம்பைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சில பேன்களில் விளிம்பைச் சுருட்டிக் கனமாகக் காட்டியிருப்பார்கள். ஒரே அளவுள்ள இரண்டு பேனை இரு கையிலும் தூக்கினால் வித்தியாசம் உடனே தெரியும். பிறகு விரல் முட்டியால் அடியில் தட்டுங்கள். மெல்லியது சாப்பாட்டுத் தட்டு மாதிரி ‘ணங்’ என்று ஒலிக்கும், கனமானது ‘தொப்’ என்று அடங்கிவிடும். கடைசியாக இரண்டு கட்டைவிரலாலும் நடுவில் அழுத்திப் பாருங்கள். துளி அமுங்கினாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

அடுத்து, சமமாக இருக்கிறதா என்பது. பேன் வாங்கப் போகும்போது நான் பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்துக்கொள்வேன். பேனைக் கவிழ்த்து, ஸ்கேலின் விளிம்பை அடிப்பாகத்தின் குறுக்கே நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் நூலிழை அளவு வெளிச்சம் தெரிந்தால் நல்லது. சூடேறும்போது நடுப்பகுதி கீழிறங்கிச் சமமாகிவிடும். அதற்கு மாறாக நடுப்பகுதி வெளியே தள்ளி, ஸ்கேல் அதன்மேல் ஊஞ்சல் ஆடினால் அந்தப் பேன் வேண்டாம். தட்டையான அடுப்பில் அது பம்பரம் மாதிரி சுற்றும். ஸ்கேல் இல்லையென்றால் கண்ணாடி மேஜைமேல் வைத்து ஓரத்தை ஒற்றை விரலால் அழுத்துங்கள், ஆட்டம் இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும்.

இன்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் ஒரு சிறு காந்தமும் எடுத்துப் போங்கள். காந்தம் ஒட்டும் உலோகத்தைத்தான் இந்த அடுப்பு சூடாக்கும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பதால் அடியில் ஒரு ஸ்டீல் தகடு பதித்திருப்பார்கள். காந்தம் நடுவில் மட்டும் ஒட்டி ஓரத்தில் நழுவினால் அந்தத் தகடு சிறியது, சூடும் நடுவில் மட்டும்தான் ஏறும்.

அட்டையில் 24 சென்டிமீட்டர் என்று இருந்தால் அது மேல்விளிம்பின் அளவு. சமைக்கக் கிடைக்கும் அடிப்பகுதி அதைவிட நன்றாகவே குறுகும். இரண்டு பேருக்கு 24 போதும், நாலு பேர் என்றால் 28. கைப்பிடியைப் பொறுத்தவரை, விலை குறைந்த பேனில் திருகு வைத்ததையே நான் எடுப்பேன். திருகு தளர்ந்தால் முடுக்கிக்கொள்ளலாம். ரிவெட் அடித்தது உறுதியாக இருக்கும், ஆனால் உள்ளே தலை நீட்டிக்கொண்டிருப்பதால் அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து, தேய்த்துத் தேய்த்துப் பூச்சு அங்கே சீக்கிரம் போகும். வெறும் பேனைக் கீழே வைத்தால் கைப்பிடியின் பாரத்தில் சாய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் இந்தப் பெயர்கள். கிரானைட், மார்பிள், டைட்டானியம், டைமண்ட் என்று எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை அதே டெஃப்லான் வகைப் பூச்சுதான், பி.டி.எஃப்.இ. என்பார்கள். அதில் புள்ளி தெளித்திருப்பார்கள், அல்லது கொஞ்சம் கனிமப் பொடி கலந்திருப்பார்கள். 1938-இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் வாயு அடைத்த ஒரு சிலிண்டருக்குள் எதிர்பாராமல் கண்டெடுத்த வெள்ளைப் பொடிதான் இந்த பி.டி.எஃப்.இ. எதிலும் ஒட்டாத அந்தப் பொருளை அலுமினியத்தில் ஒட்ட வைக்கும் வழியை 1954-இல் பிரான்ஸைச் சேர்ந்த மார்க் கிரெகுவார் கண்டுபிடித்தார். மனைவி கேட்டுக்கொண்டதால்தான் அதைச் சமையல் பாத்திரத்தில் பூசினார் என்கிறார்கள். பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஒரே விலையில் இரண்டு அடுக்குப் பூச்சு, மூன்று அடுக்குப் பூச்சு என்று இருந்தால் மூன்றை எடுங்கள், அது போதும்.

செராமிக் பூச்சு வேறு வகை. அதிகச் சூட்டைத் தாங்கும். முதல் சில மாதம் அற்புதமாக வழுக்கும், தினசரி உபயோகத்தில் அந்த வழவழப்பு பி.டி.எஃப்.இ.-யைவிடச் சீக்கிரம் குறைந்துவிடும். என் நான்காவது பேன் அது. தினமும் முட்டை சமைக்கிற வீட்டுக்கு மறுபடி வாங்க மாட்டேன். ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது’ என்ற வாசகத்தைப் பார்த்துப் பூச்சிலேயே பி.டி.எஃப்.இ. இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பி.எஃப்.ஓ.ஏ. என்பது முன்பு அந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது பயன்படுத்திய வேறொரு ரசாயனம். 2019-இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் என்ற சர்வதேச ரசாயன ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். இன்று பெரும்பாலான பேன்களில் இந்த வாசகம் இருக்கிறது, அதற்கென்று தனி விலை கொடுக்கத் தேவையில்லை.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியது சூடு. 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பி.டி.எஃப்.இ. பூச்சு கெடத் தொடங்கும், இன்னும் ஏறினால் புகை விடும். வெறும் பேனைப் பெருந்தீயில் வைத்தால் சில நிமிடத்திலேயே அந்தச் சூடு வந்துவிடும். அந்தப் புகை மனிதருக்கே ஆகாது, பறவைகள் இறந்தே போகலாம். என் தங்கை வீட்டில் இரண்டு கிளிகள் இருக்கின்றன. கூண்டைச் சமையலறைப் பக்கமே வைக்காதே என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். காலிப் பேனைச் சூடாக்காதீர்கள், எண்ணெய் விட்டுவிட்டே அடுப்பைப் பற்றவையுங்கள். பெரும்பாலான சமையல் எண்ணெய்கள் அந்தச் சூட்டுக்கு முன்பே புகைய ஆரம்பிக்கும் என்பதால் அது ஓர் எச்சரிக்கை மணி. எண்ணெய் விடாமல் சமைப்பவர்கள் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளிக்கலாம். ‘சுர்’ரென்று ஆவியானால் சரி. முத்து மாதிரி உருண்டு ஓடினால் சூடு 200 டிகிரியை நெருங்கிவிட்டது, தீயைக் குறையுங்கள்.

மரக்கரண்டி அல்லது சிலிக்கான் கரண்டி, கழுவ மெத்தென்ற ஸ்பான்ஞ், ஆறிய பிறகே தண்ணீர். அடுக்கி வைக்கும்போது நடுவில் ஒரு துணி. இவ்வளவுதான்.

ஒட்ட ஆரம்பித்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் ஐந்தாவது பேன் ஒன்பதாம் மாதமே முட்டையைப் பிடிக்கத் தொடங்கியது. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். நடுவைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில், தேன் காய்ந்த மாதிரி ஒரு மெல்லிய படலம். நகத்தால் சுரண்டினால் பிசுபிசுத்தது. பூச்சு நன்றாகத்தான் இருந்தது, அதன்மேல் எரிந்து படிந்த எண்ணெய்தான் முட்டையைப் பிடித்திருக்கிறது. பாதி அளவு தண்ணீர் ஊற்றி, இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டு, சிம்மில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஸ்பான்ஞ்சால் துடைத்தேன். மூன்று நாள் தொடர்ந்து செய்ததில் படலம் போய்விட்டது. அதற்கப்புறம் அந்தப் பேன் ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியது.

படலம் போன பிறகும் ஒட்டினாலோ, பூச்சு உரிந்து உலோகம் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். அறியாமல் ஒரு துணுக்கை விழுங்கிவிட்டால் பயப்பட வேண்டாம், உடல் அதைச் செரிக்காமல் அப்படியே வெளியேற்றிவிடும். பழைய பேனை அகற்றும்முன் கைப்பிடியின் திருகைக் கழற்றி எடுத்து வையுங்கள், புதியதில் ஒன்று தொலைந்தால் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். அலுமினியம் மறுசுழற்சிக்குப் போகும்.