1000 கஜம் எஃப்-கிளாஸ் போட்டிக்கு முதல் ஸ்கோப்: எதைப் பார்த்து வாங்குவது?

நீள்தூர இலக்குச் சுடுதலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எத்தனை எக்ஸ் வாங்கலாம்?" என்றுதான். எக்ஸ் என்றால் ஸ்கோப் இலக்கை எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது என்பது. அந்தக் கேள்வியை நாலாவது இடத்துக்குத் தள்ளி வையுங்கள். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய மூன்று விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை முடித்துவிட்டால் எக்ஸ் கேள்விக்குப் பாதி விடை தானாகவே வந்துவிடும்.

இங்கே எஃப்-கிளாஸ் போட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குவர்சன் தொடங்கி வைத்தது இது, பெயரில் உள்ள 'எஃப்' அவருடைய பெயரின் முதலெழுத்து. வயதாகிக் கண் மங்கியவர்கள் இரும்புக் குறிகளை வைத்துச் சுடுவது கஷ்டமாகிவிடுகிறது, அவர்களும் விளையாட்டில் தொடரட்டும் என்று ஸ்கோப்பையும் தாங்கியையும் அனுமதித்ததில் பிறந்தது. இதன் முதல் உலகப் போட்டி 2002-இல் ஒட்டாவாவில் நடந்தது. குப்புறப் படுத்துக்கொண்டு, பொதுவாக 300 முதல் 1000 கஜம் வரை உள்ள இலக்குகளைச் சுட வேண்டும். பிஆர்எஸ் (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) மாதிரியான போட்டிகளில் இடம் மாறி, நிலை மாறி, நேரக் கெடுவுக்குள் பல தூரங்களில் இரும்புத் தகடுகளைச் சுட வேண்டியிருக்கும், அதற்கான ஸ்கோப் வேறு ரகம். இரண்டுக்கும் ஒரே ஸ்கோப் என்று கடையில் யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

படி 1: பிரிவையும் எடையையும் முதலில் தீர்மானியுங்கள்

எஃப்-கிளாஸில் இரண்டு பிரிவுகள். எஃப்-டிஆரில் .223 அல்லது .308 தோட்டா மட்டும்தான், முன்பக்கம் பைபாட் (இரட்டைக்கால் தாங்கி), மொத்த எடை 8.25 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எஃப்-ஓப்பனில் 8 மில்லிமீட்டர் வரை எந்தக் கலிபரும் ஆகும், கனமான முன்தாங்கி வைத்துக்கொள்ளலாம், ரைஃபிள் 10 கிலோ வரை போகலாம். இந்த எடைக் கணக்கில் ஸ்கோப்பும் சேர்த்தி, எஃப்-டிஆரில் பைபாடும் சேர்த்தி.

இது ஏன் முதல் படி என்றால், ஸ்கோப்புகளுக்குள் எடை வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். இந்தப் போட்டிக்கென்றே செய்த நைட்ஃபோர்ஸ் காம்பெடிஷன் 15-55×52 (15 முதல் 55 எக்ஸ் வரை, முன்கண்ணாடி 52 மில்லிமீட்டர்) ஏறத்தாழ 790 கிராம். அதே நிறுவனத்தின் அட்டாகர் 7-35×56 ஒரு கிலோ 100 கிராமைத் தாண்டும். முந்நூறு கிராம் மிச்சமானால் அதைக் கனமான பேரலில் போடலாம், எஃப்-டிஆர்காரர்களுக்கு அது பெரிய விஷயம். ரைஃபிளையும் பைபாடையும் தராசில் வைத்து, ஸ்கோப்புக்கும் அதைப் பிடிக்கும் ரிங்குகளுக்கும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

படி 2: இலக்கின் அளவிலிருந்து கிளிக்கைத் தேர்ந்தெடுங்கள்

1000 கஜ எஃப்-கிளாஸ் இலக்கின் நடு வட்டம் 10 அங்குலம், அதற்குள்ளே சமநிலையை முறிக்கும் சின்ன வட்டம் 5 அங்குலம். இந்த இரண்டு எண்களையும் மனதில் வையுங்கள்.

ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வருவது ஒரு எம்ஓஏ. 100 கஜத்தில் அது 1.047 அங்குலம், 1000 கஜத்தில் 10.47 அங்குலம். ஆக நடு வட்டம் கிட்டத்தட்ட ஒரு எம்ஓஏ, உள்வட்டம் அதில் பாதி. மில் கணக்கில் ஒரு மில் என்பது 1000 கஜத்தில் ஒரு கஜம், அதாவது 36 அங்குலம். மில் ஸ்கோப்புகளில் வழக்கமாக ஒரு கிளிக், அதாவது குறியை நகர்த்தும் குமிழை ஒரு பல் திருப்புவது, 0.1 மில், அது அந்தத் தூரத்தில் 3.6 அங்குலம் நகர்த்தும். கால் எம்ஓஏ கிளிக் 2.6 அங்குலம். எட்டில் ஒரு பங்கு எம்ஓஏ கிளிக் 1.3 அங்குலம்.

5 அங்குல வட்டத்துக்கு 3.6 அங்குலக் கிளிக் என்றால் எப்படி இருக்கும் யோசித்துப் பாருங்கள். குண்டுகள் ஒரு பக்கமாக 2 அங்குலம் ஒதுங்கி விழுகின்றன, ஒரு கிளிக் திருப்பினால் எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட அதே தூரத்துக்குப் போய் நிற்கும். அதனால் எஃப்-கிளாஸுக்கு எட்டில் ஒரு பங்கு எம்ஓஏ கிளிக்கையே தேடுங்கள், கால் எம்ஓஏ வைத்தும் காலம் தள்ளலாம். மில் மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை, தகடு சுடுகிறவர்களுக்கு அதுதான் வசதி. இங்கே அது கொஞ்சம் முரடு, அவ்வளவுதான்.

படி 3: டர்ரெட்டில் ஏற்றம் போதுமா?

டர்ரெட் என்பது ஸ்கோப்பின் மேல் உள்ள, குறியை ஏற்றி இறக்கும் குமிழ். 100 கஜத்தில் சரிசெய்த .308 ரைஃபிளை 1000 கஜத்துக்குக் கொண்டுபோக, குண்டையும் வேகத்தையும் பொறுத்து 30 முதல் 38 எம்ஓஏ வரை ஏற்ற வேண்டியிருக்கும். நைட்ஃபோர்ஸ் காம்பெடிஷனில் மொத்த ஏற்ற இறக்கம் 55 எம்ஓஏ, ஆனால் அதில் பாதி கீழ்ப்பக்கம், மேலே ஏற்றக் கிடைப்பது 27.5 மட்டும். அப்படியானால் 1000 கஜத்தைத் தொட முடியாதே?

அதற்குத்தான் 20 எம்ஓஏ சாய்வு கொண்ட ரெயில். ரைஃபிளின் மேல் அதைப் பூட்டி அதன் மேல் ஸ்கோப்பை வைத்தால், மேலே 47.5 கிடைக்கும், கீழே 7.5 மிஞ்சும், 100 கஜத்துக்கும் 1000 கஜத்துக்கும் சேர்த்துச் சரியாகிவிடும். வாங்கப்போகும் ஸ்கோப்புக்கு இந்தக் கணக்கை ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பாருங்கள். 40 எம்ஓஏ ரெயில் இன்னும் நல்லதாயிற்றே என்று ஏறிப் போனால் 100 கஜத்தில் சுடவே முடியாத நிலை வரும்.

படி 4: இப்போது எக்ஸ்

எஃப்-கிளாஸில் 15-55, 10-60 போன்ற ஸ்கோப்புகள் சகஜம். காரணம் இருக்கிறது: ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் இலக்கின் அடியில் உள்ள பள்ளத்தில் இருப்பவர்கள் இலக்கை இறக்கி, குண்டு பட்ட இடத்தில் ஒரு சின்ன வட்டத் தகட்டைச் செருகி மறுபடி ஏற்றுவார்கள். அந்தத் தகடு எந்த வளையத்தில் இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தால்தான் அடுத்த சூட்டை எங்கே பிடிப்பது என்று முடிவெடுக்க முடியும்.

ஆனால் உச்ச எக்ஸ் எப்போதும் உதவாது. வெயில் ஏறியதும் தரையிலிருந்து கானல் எழும்பும், 50 எக்ஸில் இலக்கு கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பது போல ஆடும், வளையக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்போது 25, 30-க்கு இறக்கினால் படம் அடங்கும். அதோடு, முன்கண்ணாடியின் விட்டத்தை எக்ஸால் வகுத்தால் வருவதுதான் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். 52 மில்லிமீட்டரை 55-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, தலை இம்மி நகர்ந்தாலும் படம் கறுத்துப் போகும். ஆரம்பத்தில் 40 எக்ஸ் வரை போகிற, கீழே 10 அல்லது 15 வரை இறங்குகிற ஸ்கோப் தாராளமாகப் போதும். 80 எக்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள், பயிற்சிக்காவது ஆகும்.

கானலை எதிரியாக மட்டும் பார்க்காதீர்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ காற்றும் அந்தப் பக்கம். .308-இல் மணிக்கு ஒரு மைல் குறுக்குக் காற்று மாறினாலே 1000 கஜத்தில் குண்டு 7, 8 அங்குலம் தள்ளிப் போகும் என்பதால், அந்த ஓட்டத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கே மதிப்பெண்.

படி 5: ரெட்டிக்கிள்

ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்தான் ரெட்டிக்கிள். மெல்லிய கோடு, நடுவில் சின்னப் புள்ளி, பக்கவாட்டில் காற்றுக்குப் பிடிக்க ஒன்றிரண்டு எம்ஓஏ அளவுக்கோடுகள். இதற்கு மேல் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி கிளை விட்ட ரெட்டிக்கிள் இங்கே தேவையில்லை, இலக்கைத்தான் மறைக்கும். இரண்டாம் குவியத் தளத்தில் ரெட்டிக்கிள் உள்ள ஸ்கோப்பை எடுங்கள், எக்ஸை ஏற்றினாலும் கோடு தடிக்காது. ஒன்று மட்டும் கவனம்: இந்த வகையில் அளவுக்கோடுகளின் மதிப்பு ஒரு குறிப்பிட்ட எக்ஸில் மட்டும்தான் சரி. அது எந்த எக்ஸ் என்று கையேட்டில் இருக்கும். 40-இல் ஒரு எம்ஓஏ காட்டும் கோடு 20-இல் இரண்டு எம்ஓஏ காட்டும், கானலுக்காக எக்ஸை இறக்கிய பிறகு பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

படி 6: கண்ணுக்குச் சரிசெய்வதும் மாட்டுவதும்

போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்கோப்பை வெறும் வானத்தை நோக்கித் திருப்புங்கள், சூரியன் பக்கம் மட்டும் வேண்டாம். இரண்டு மூன்று விநாடி பார்த்துக் கண்ணை எடுத்துவிட்டு, ரெட்டிக்கிள் பார்த்த மாத்திரத்தில் கூர்மையாகத் தெரியும்வரை பின்வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண் தானே சமாளித்துக்கொள்ளும், வேலைக்கு ஆகாது. இலக்கின் படத்தையும் ரெட்டிக்கிளையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவரும் பேரலாக்ஸ் குமிழ் இதற்கு அடுத்துதான். இலக்கைப் பார்த்தபடி தலையை லேசாக மேலும் கீழும் அசையுங்கள், ரெட்டிக்கிள் இலக்கின் மேல் நகராமல் நிற்கிற இடம்தான் சரியான இடம். குமிழின் மேல் அச்சடித்த தூர எண்ணை நம்ப வேண்டாம்.

மாட்டும்போது ரசமட்டம் கட்டாயம். டர்ரெட்டில் 30 எம்ஓஏ ஏற்றியிருக்கும்போது ரைஃபிள் ஒரே ஒரு பாகை சாய்ந்தால், குண்டு பக்கவாட்டில் அரை எம்ஓஏ, அதாவது 1000 கஜத்தில் ஐந்தரை அங்குலம் போகும். நடு வட்டத்தின் மையத்தைக் குறிவைத்தவர் வட்டத்துக்கு வெளியே போய்விடுவார், பழியைக் காற்றின் மேல் போடுவார். ஸ்கோப் குழாயில் பூட்டுகிற சின்ன ரசமட்டம் ஒன்று வாங்கிவிடுங்கள். ரிங் திருகுகளைக் கை மதிப்பில் இறுக்காமல், தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவுக்கு டார்க் ஸ்குரூடிரைவரால் இறுக்குங்கள்.

படி 7: திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் சோதியுங்கள்

உயரமான அட்டை ஒன்றை 100 கஜத்தில் நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டு நேர்க்கோடு ஒன்று வரையுங்கள். தூரத்தை டேப்பால் அளக்க வேண்டும், ஏனென்றால் பல ரேஞ்சுகளில் இருப்பது 100 மீட்டர், அது 109 கஜத்துக்கு மேல், அங்கே கணக்கே மாறிவிடும். கோட்டின் அடியில் குறிவைத்து ஐந்து குண்டு சுடுங்கள். குறியை மாற்றாமல் 30 எம்ஓஏ ஏற்றி இன்னும் ஐந்து. திரும்ப இறக்கி, பழைய இடத்தில் இன்னும் ஐந்து.

முதல் இரண்டு குண்டுக் கூட்டங்களுக்கும் இடையே 31.4 அங்குலம் இருக்க வேண்டும். 30.8 வந்தால் டர்ரெட் இரண்டு சதவீதம் குறைவாக நகர்த்துகிறது. இதற்குப் பயப்பட வேண்டியதில்லை, போட்டியில் மதிப்பெண்ணுக்கு முன், கணக்கில் சேராத பார்வைச் சூடுகள் உண்டு, அதில் திருத்திக்கொள்ளலாம். மேல் கூட்டம் கோட்டை விட்டுப் பக்கவாட்டில் விலகியிருந்தால் ஸ்கோப் சாய்ந்து மாட்டியிருக்கிறது, மறுபடி பூட்டுங்கள். ஆனால் மூன்றாவது கூட்டம் முதல் கூட்டத்தின் மேல் வந்து உட்காராவிட்டால், திருகுகளெல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு இன்னொரு முறை சுடுங்கள். அப்போதும் உட்காரவில்லையா, கண்ணாடி எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அந்த ஸ்கோப்பைத் திருப்பி அனுப்புங்கள், கூடவே சுட்ட அட்டையின் படத்தையும் வைத்து அனுப்புங்கள், பேச்சு சீக்கிரம் முடியும்.

பழைய ஸ்கோப் வாங்குகிறவர்களுக்கும் இதே சோதனைதான். கையில் காசு குறைவு என்றால், புதிதாக மலிவான 50 எக்ஸ் ஒன்றை வாங்குவதைவிட, தொடர்ந்து போட்டி சுடுகிற ஒருவர் மாற்றப்போகும் நல்ல ஸ்கோப்பைக் கேட்டு வாங்குவதையே நான் சொல்வேன். அதை உங்கள் ரைஃபிளில் மாட்டி இந்த 15 குண்டுகளைச் சுட்டுப் பார்க்க விடுகிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.