கடிகாரத்தைக் கடைசியில் வையுங்கள்: நேரத்துக்குள் கட்டுரை எழுதப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் அக்கா மகள் நன்றாகவே எழுதுவாள். வீட்டில் எழுதினால் இரண்டு பக்கம் வரும். தேர்வில் அரைப் பக்கம்தான், அதுவும் பாதி வாக்கியத்தில் நிற்கும். "வேகமாக எழுது" என்று எல்லாரையும்போல நானும் சொல்லிப் பார்த்தேன். கையெழுத்து கோணலானதுதான் மிச்சம். பிறகு அவளையும் அவள் வகுப்பில் இன்னும் மூன்று பேரையும் உட்கார வைத்து ஒரு பருவம் முழுக்கப் பழக்கினேன். அதில் கற்றுக்கொண்டதுதான் இது. பத்தி பிரிப்பது, நிறுத்தக்குறி போன்றவற்றுக்குள் போகவில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் அவை வந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

40 நிமிடம் கொடுத்து ஒரு தலைப்பில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளையின் பேனா எந்த வரியில் இருக்கிறதோ, அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். வேறு எதுவும் பேசாதீர்கள்.

எங்கள் வீட்டுத் தாளில் முதல் இரண்டு புள்ளிகளும் ஒரே வரியில் விழுந்தன. ஒன்பது நிமிடம் வரை முதல் வாக்கியமே முடியவில்லை. மூன்று முறை அழித்து எழுதியதில் தாள் அந்த இடத்தில் மெலிந்துபோயிருந்தது. அதன்பிறகு புள்ளிகள் சீரான இடைவெளியில் இறங்கின. அதாவது, கை மெதுவாக ஓடவில்லை. கை ஓடத் தொடங்கவே இல்லை.

இதை உறுதிசெய்ய ஒரு சிறு கணக்கு உண்டு. தெரிந்த பாடத்தை ஐந்து நிமிடம் பார்த்து எழுதச் சொல்லி, சொற்களை எண்ணுங்கள். அவளுக்கு 60 வந்தது, நிமிடத்துக்கு 12. யோசித்து எழுதும்போது அது 7 ஆகக் குறைந்தது, குறையத்தான் செய்யும். வாசிக்கவும் குறிப்பெடுக்கவும் 6 நிமிடம், சரிபார்க்க 4 நிமிடம் போனால் மீதி 30. முப்பதை ஏழால் பெருக்கினால் 210 சொற்கள். வினாத்தாள் கேட்டது 200. வேகம் போதும் என்று தாளில் போட்டுக் காட்டியதும் அவள் முகத்தில் பாதிப் பதற்றம் போய்விட்டது. இந்த எண்ணை வேறு பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஆங்கிலக் கட்டுரையின் எண்ணோடும் ஒப்பிட வேண்டாம். தமிழில் ஒரே சொல் மூன்று சொற்களின் வேலையைச் செய்துவிடும்.

படி 2: வினாவின் வினைச்சொல்லைக் கோடிடுங்கள்

விளக்குக, ஒப்பிடுக, உன் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக: இவை மூன்றும் கேட்பது வேறு வேறு. முப்பது நொடி வேலை. இதைத் தவறவிட்டால் மீதி எல்லாம் வீண்.

படி 3: குறிப்புச்சட்டகம் (நான் சறுக்கிய இடம்)

"முதலில் ஐந்து நிமிடம் திட்டமிடு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். நான்கு பேரும் அளவுகோல் வைத்துப் பெட்டி கட்டி, உள்ளே அழகாக எழுதினார்கள்:

முன்னுரை
நன்மைகள்
தீமைகள்
முடிவுரை

ஒருவன் ஸ்கெட்ச் பேனாவால் வண்ணமும் தீட்டினான். பன்னிரண்டு நிமிடம் போயிருந்தது. அதன்பிறகும் பழைய கேள்விதான் வந்தது: "சித்தி, எப்படி ஆரம்பிப்பது?" இரண்டு வாரம் எனக்குப் பிடிபடவில்லை. திட்டம் இருக்கிறது, எழுத்து வரவில்லை, ஏன்?

தலைப்பு "பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரலாமா?" என்பது. அந்தப் பெட்டியை அப்படியே பெயர்த்து "மரம் வளர்ப்போம்" கட்டுரையின் மேல் ஒட்டிப் பார்த்தேன். 'தீமைகள்' மட்டும்தான் கொஞ்சம் உறுத்தியது. மற்றவை சிக்கலில்லாமல் பொருந்தின. எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற குறிப்பு எந்தக் கட்டுரையையும் எழுத உதவாது. பெட்டிக்குள் இருந்தவை அறைகளின் பெயர்கள். அறைக்குள் சாமான் எதுவும் இல்லை.

அன்றைக்கு வைத்த விதி இது: பெட்டி கிடையாது, அளவுகோல் கிடையாது. தாளின் மூலையில் நான்கு வரி. ஒரு வரிக்கு ஐந்து சொற்களுக்கு மேல் கூடாது. முதல் வரி உன் முடிவு. மற்றவை இந்தத் தலைப்புக்கு மட்டுமே பொருந்த வேண்டும். அடுத்த முறை அக்கா மகள் எழுதியது:

கூடாது
கணக்கு வகுப்பில் மணி அடித்தது
தொலைந்தால் யார் பொறுப்பு?
அவசரத்துக்குப் பள்ளித் தொலைபேசி இருக்கிறது

மூன்று நிமிடம்தான் ஆனது. இரண்டாம் வரியைப் பார்த்தபடியே, "கணக்கு வகுப்பில் ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஒரு கைப்பேசி மணி அடித்தது, முப்பது தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின" என்று எழுதினாள். அழிக்கவில்லை.

எழுதும்போது திட்டமிடுவது, சொல்லாக்குவது, திருத்துவது ஆகிய மூன்றும் வரிசையாக நடப்பதில்லை, மாறி மாறிக் குறுக்கிடுகின்றன என்று எழுதும் முறையை ஆராய்ந்த லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேஸும் 1981ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார்கள். பிள்ளையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது கண்கூடு. குறிப்பில் பொருள் இருந்தால் ஒரு சுமையாவது மூளையிலிருந்து தாளுக்கு இறங்குகிறது.

படி 4: முன்னுரைக்கு இடம் விட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள்

மேலே நான்கு வரி காலியாக விட்டு, முதல் காரணத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முன்னுரை கடைசியில் இரண்டு வாக்கியமாக வந்து உட்காரும். "இன்றைய நவீன உலகில்" என்ற தொடக்கத்தை நான் முழுவதுமாகத் தடை செய்துவிட்டேன். இதில் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். பரவாயில்லை.

படி 5: இப்போதுதான் கடிகாரம்

முதல் நான்கு வாரம் கடிகாரமே வேண்டாம். ஐந்தாம் வாரம் துண்டு துண்டாக: குறிப்புக்கு மட்டும் 4 நிமிடம், ஒரு பத்திக்கு மட்டும் 8 நிமிடம். ஏழாம் வாரம் முழுக் கட்டுரை, ஆனால் 50 நிமிடம். எட்டாம் வாரம் 45. பிறகுதான் 40.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட வாரத்தில் நான்கு நாள் கால்மணி நேரம் மேல். இடைவெளி விட்டுப் பயில்வது நன்றாக நிற்கும் என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் தன்னையே சோதித்துக் காட்டினார். அவர் மனப்பாடம் செய்தது பொருளற்ற அசைகளை; ஆனாலும் கட்டுரைப் பயிற்சிக்கும் அது பொருந்துவதை என் கண்ணால் பார்த்தேன்.

கருவிகள் பற்றி: கைப்பேசியில் நொடி குறைந்துகொண்டே வரும் டைமர் வேண்டவே வேண்டாம், பிள்ளை அதைத்தான் பார்க்கும். முள் கடிகாரம் போதும். எழுதி முடிக்க வேண்டிய நேரத்தில் கண்ணாடிமேல் ஒரு பொட்டு ஒட்டிவிடுங்கள். ஜெல் பேனாவைவிடப் பால்பாயிண்ட் மேல். மை காயக் காத்திருக்க வேண்டாம். ரப்பரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். தவறென்றால் ஒரே கோடு, அவ்வளவுதான். இந்த ரப்பர் விஷயத்தில் வீட்டில் ஒரு நாள் அழுகையே நடந்தது. நான் இறங்கி வரவில்லை.

படி 6: கடைசி நான்கு நிமிடம்

"ஒருமுறை படித்துப் பார்" என்றால் கண் வழுக்கிக்கொண்டு போகும். தான் எழுதியது சரியாகத்தான் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வழக்கமாக வரும் மூன்று பிழைகளை மட்டும் தேடச் சொல்லுங்கள். அக்கா மகளுக்கு ர, ற. வல்லினம் மிகும் இடம். "மாணவர்கள் வந்தது" என்று எழுவாயும் பயனிலையும் பிரிந்துபோவது. இன்னொருவனுக்கு ல, ள, ழ மட்டும். கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் படித்தால் கதையில் மூழ்காமல் சொற்களைப் பார்க்கலாம்.

பின்னர் சேர்த்தது: இதைச் செய்து பார்த்த ஒரு தாய், தன் மகன் பார்த்து எழுதும்போதே நிமிடத்துக்கு நான்கு சொல்தான் வருகிறது என்று எழுதியிருந்தார். அப்படியானால் சிக்கல் குறிப்பில் இல்லை, கையில் இருக்கிறது. தினமும் ஐந்து நிமிடம் பார்த்து எழுதும் பயிற்சியும், பேனா பிடிக்கும் விதத்தைக் கவனிப்பதும் முதலில். சில மாதங்களில் மாற்றமில்லை, கைவலியும் இருக்கிறது என்றால், எழுத்துக் குறைபாடு இருக்கிறதா என்று தகுந்தவரிடம் காட்டுங்கள். கூடுதல் நேரம் கிடைக்குமா என்று பள்ளியிலும் கேளுங்கள். திட்டுவதால் அது சரியாகாது.

இன்னொரு சேர்க்கை: கணினியில் எழுதும் தேர்வானால் நான்கு வரிக் குறிப்பை எங்கே எழுதுவது என்று சிலர் கேட்டார்கள். வெற்றுத்தாள் தந்தால் அதில். இல்லையென்றால் விடைப் பெட்டிக்குள்ளேயே தட்டச்சு செய்துகொண்டு, அதன் மேலே கட்டுரையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு வரியும் பத்தியாக மாறியதும் அந்தக் குறிப்பை அழித்துக்கொண்டே வரலாம். ஒப்படைக்கும் முன் அடியில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் நால்வரில் ஒருவனுடைய கட்டுரை, முடிவுரைக்குக் கீழே "தொலைந்தால் யார் பொறுப்பு?" என்ற வரியோடு போய்ச் சேர்ந்தது.