நச்சு குறைந்த பூச்சிக் கட்டுப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலும் தோட்டத்திலும் கடும் பூச்சிக்கொல்லிகளைக் கைவிட முடிவெடுப்பவர்களில் பலர் மருந்தை மட்டும் மாற்றுகிறார்கள். மருந்தடிக்கும் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். பூச்சியைக் கண்டதும் தெளிப்பது, தெளித்ததும் அது செத்து விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது, விழாவிட்டால் அளவைக் கூட்டுவது என்ற அதே வரிசை வேப்பெண்ணெயிலும் சோப்புக் கரைசலிலும் தொடர்கிறது. பிறகு, இயற்கை முறை எதுவும் பலிக்காது என்று சலித்துப்போய்ப் பழைய மருந்தையே மறுபடி எடுக்கிறார்கள். பலிக்காமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் கையாண்ட விதம்தான்.

எதிரே இருப்பது எந்தப் பூச்சி என்று பார்க்காமலே தெளிப்பானைத் தூக்குவதில்தான் பிழை தொடங்குகிறது. பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும்; அதன் இளம்புழுவை அடையாளம் காண்பவர்கள் குறைவு. கருத்து நீண்ட உடலில் ஆரஞ்சு நிறத் திட்டுகளோடு, குட்டி முதலையைப் போல இலைமேல் ஊரும் அந்தப் புழு, செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகளான அசுவினிகளைத் தின்று தீர்க்கக்கூடியது. தோற்றத்தைக் கண்டு அஞ்சி முதலில் நசுக்கப்படுவதும் அதுதான். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதே வெண்ணிற மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு, ஆனால் சற்றுப் பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் ஒன்று நகர்ந்தால், அது மாவுப்பூச்சியை உண்ணும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். கண்ணில் பட்டதையெல்லாம் கொல்லும் தெளிப்பு இவற்றையும் அழித்துவிடுவதால், தப்பிய அசுவினிகள் முன்பைவிட வேகமாகப் பெருகுகின்றன. செடியில் எறும்புகள் ஏறி இறங்கினால் அதையும் கவனிக்க வேண்டும். அசுவினி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, பொறிவண்டுகளை விரட்டுகின்றன. அங்கே எறும்பைத் தடுக்காமல் அசுவினியை மட்டும் துரத்துவது வீண் வேலை.

சோப்புக் கரைசல் ஈரமாகப் பூச்சியின் உடலில் பட்டால் மட்டுமே கொல்லும். காய்ந்த பிறகு அதற்கு வேலை இல்லை. இலையின் மேற்புறத்தை மட்டும் நனைத்துவிட்டு, அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈக்களும் சிலந்திப் பேன்களும் சாகவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. முட்டைகள் தப்பிவிடுவதால் சில நாட்கள் இடைவெளியில் மீண்டும் தெளிக்கவும் வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தைச் சோப்பு என்று நினைத்துக் கலப்பது இன்னொரு பிழை. அதிலுள்ள அழுக்கு நீக்கிகள் இலையின் மெழுகுப் படலத்தையே கரைத்து, ஓரங்களைக் கருகச் செய்யலாம். செடிகளுக்கென்றே விற்கப்படும் சோப்பையும்கூட முதலில் இரண்டு மூன்று இலைகளில் தெளித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே செடி முழுவதும் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளிக்கவே கூடாது.

வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சியின் உண்ணும் விருப்பத்தைக் குறைத்து, அது தோலுரித்து வளர்வதைக் குலைக்கிறது. ஆகவே தெளித்த மறுநாளும் பூச்சி உயிரோடுதான் இருக்கும். அதைக் கண்டு மருந்து போதவில்லை என்று எண்ணி இரட்டிப்பு அளவில் அடிப்பவர்கள் பூச்சியைக் கொல்வதற்கு முன் இலையைக் கருக்கிவிடுகிறார்கள். அந்தப் பொருள் வெயிலில் விரைவில் சிதைவதாலும், பகலில் தேனீக்கள் பூக்களுக்கு வருவதாலும், மாலையே தெளிப்பதற்கு உகந்த நேரம். புழுக்களுக்கான பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிரியிலும் இதே பொறுமை தேவை. புழு அதை உண்டால்தான் பலிக்கும். இளம்புழுக்களில்தான் நன்றாகப் பலிக்கும். இலையைத் தின்னும் புழுவுக்கு ஒரு வகை, கொசுப்புழுவுக்கு வேறொரு வகை என்பதால், பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

வீட்டுக்குள் நடக்கும் தவறுகளில் மிகவும் பரவலானது, இரை வைத்த இடத்திலேயே மருந்தையும் தெளிப்பது. எறும்புக்கான சர்க்கரை இரையில் போரிக் அமிலம் 1 சதவீத அளவில் இருந்தால், எறும்பு அதை உண்டு, புற்றுக்குக் கொண்டுபோய் மற்றவற்றுக்கும் ஊட்டும். அளவைக் கூட்டினால் வழியிலேயே செத்துவிடும். புற்றும் ராணியும் பத்திரமாக இருக்கும். இரையைச் சுற்றி எறும்புக் கூட்டம் மொய்ப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் தெளிப்பானை எடுப்பவர்கள், திட்டம் சரியாக நடந்துகொண்டிருக்கும் வேளையில் அதைக் கலைத்துவிடுகிறார்கள். கரப்பானுக்கும் இதுவே பொருந்தும். 2019ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அறை முழுவதும் மருந்தைப் பீச்சும் புகைக்குப்பிகளையும் ஜெல் இரையையும் ஜெர்மன் கரப்பான் மிகுந்த வீடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குப்பிகளைப் பயன்படுத்திய வீடுகளில் கரப்பான் குறையவில்லை. தரையிலும் மேடையிலும் நச்சுப் படிவுதான் கூடியது. ஜெல் வைத்த வீடுகளில் கரப்பான்கள் வெகுவாகக் குறைந்தன. கரப்பான் ஒளிந்திருக்கும் இடுக்குகளுக்குள் சிறு சிறு புள்ளிகளாக ஜெல்லை வைப்பது பார்வைக்கு அற்பமாகத் தெரிந்தாலும், பலன் அங்கேதான் இருக்கிறது.

இயற்கையிலிருந்து வந்தது என்பதாலேயே தீங்கில்லை என்று நம்புவது என் கணிப்பில் மிக ஆபத்தான தவறு. புகையிலைக் கஷாயத்தில் உள்ள நிகோட்டின் தோல் வழியாகவே உடலுக்குள் செல்லும் கடும் நஞ்சு. சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கப்படும் பைரெத்ரம் மீன்களையும் தேனீக்களையும் கொல்லும். தேயிலை மர எண்ணெய் பூனைகளுக்கு நஞ்சாகும். நுண்பாசிகளின் புதைபடிவப் பொடியான டயட்டம் மண்ணை மெல்லிய படலமாக, உலர்ந்த இடுக்குகளில் மட்டும் தூவ வேண்டும். ஈரமானால் அது வேலை செய்யாது, கை நிறைய அள்ளி வீசினால் தூசு நுரையீரலைத்தான் உறுத்தும். பாச்சை உருண்டை எனப்படும் நாப்தலீனைச் செடிகளுக்கிடையே போடுவதையும் கைவிட வேண்டும். அதன் ஆவி, சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதியின் குறைபாடுள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது.

கொசுவுக்கு வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டதும் பொரிக்கும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளியே வாசல் என்பதால், அதை அடைக்காமல் நச்சு வைப்பதில் பொருளில்லை. நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தைகளும் சேர்ந்து சாகும்.

எதைக் கலந்தாலும் அன்றைய தேவைக்கு மட்டும் கலப்பது நல்லது. மீந்ததைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது. வாங்கிய மருந்தை அதன் சொந்தக் குப்பியிலேயே, சீட்டு கிழியாமல், குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். அது போரிக் அமிலமாக இருந்தாலும் சரி, வேப்பெண்ணெயாக இருந்தாலும் சரி.