அணிலுக்கு எட்டும் தீனிப்பெட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தனி வீட்டுக்குக் குடிபோகும் நம்மவர்கள் பலர், கொல்லைப்புறத்தில் பறவைகளுக்குத் தீனிப்பெட்டி மாட்டுகிறார்கள். சிவப்பு கார்டினல் பறவை வருவதற்கு முன்பே சாம்பல் அணில் வந்துவிடுகிறது. உடனே அணிலை அண்டவிடாத பெட்டி என்று அதிக விலையில் இன்னொன்றை வாங்குகிறார்கள். எந்தப் பெட்டி என்பதைவிட, அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

முதுகில் மூன்று கோடு போட்ட நம் ஊர் அணிலைவிட இந்தச் சாம்பல் அணில் பல மடங்கு எடை கொண்டது. நின்ற இடத்திலிருந்து நான்கைந்து அடி எம்பும். பக்கவாட்டில் எட்டடிக்கு மேலும் தாவும். பின்னங்கால் பாதங்களைப் பின்பக்கமாகத் திருப்பி நகத்தால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். அப்போது முன்னங்கைகள் இரண்டும் விதை எடுக்க ஓய்வாக இருக்கும். இப்படிப்பட்ட பிராணிக்கு, மரக்கிளையில் மாட்டிய பெட்டி பந்தியில் போட்ட இலைதான்.

பறவை ஆர்வலர்கள் 5-7-9 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: தரையிலிருந்து 5 அடி உயரம், மரம், வேலி, சுவர் எதிலிருந்தும் 7 அடி தூரம், மேலே நீட்டிய கிளைக்கு 9 அடி கீழே. இடமிருந்தால் பக்கவாட்டில் 10 அடி விடுங்கள் என்பேன். வழுவழுப்பான இரும்புக் கம்பத்தில் பெட்டியை வைத்து, அணில் ஏறிவராமல் தடுக்க அதற்குக் கீழே அகலமான தகரக் கூம்பைப் பொருத்த வேண்டும். கூம்பைத் தாழ்வாகப் பொருத்தினால் அணில் தரையிலிருந்தே அதற்கு மேலே தாவிவிடும். குறைந்தது 4 அடி உயரத்தில் இருக்கட்டும்.

கம்பத்தில் கிரீஸ் தடவுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது அணிலின் உரோமத்திலும் பறவையின் சிறகிலும் ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய்ப் பிசுக்கேறிய இறகு குளிரைத் தாங்காது. கடும் பனியில் அது உயிரையே பறிக்கும். மிளகாய் கலந்த விதை எவ்வளவோ மேல். காரத்தை உணரும் நரம்பு ஏற்பி (receptor) பாலூட்டிகளுக்கு எரிச்சல் தரும். பறவைகளின் ஏற்பியோ மிளகாய்க்கு அசைவதில்லை. இந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் மிளகாய்த்தூளை நீங்களே தூவினால் கண்ணிலும் மூக்கிலும் படும். கலந்தே விற்கும் விதையை வாங்குங்கள்.

எலி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் மலிவான கலப்புத் தீனி. அதில் நிறையச் சிவப்புச் சோளத்தைச் சேர்த்திருப்பார்கள். சிறு பறவைகள் அதை அலகால் தள்ளிவிட்டுச் சூரியகாந்தி விதையைத் தேடும். தள்ளியதெல்லாம் தரையில் குவியும், இரவில் எலி வரும். சூரியகாந்தியை மட்டும் போடுங்கள். அல்லது கார்டினல் உண்ணும், அணில் அவ்வளவாக விரும்பாத குசும்பா (safflower) விதையைப் போடுங்கள். சிந்தியதை மாலையில் கூட்டி அள்ளுங்கள். எலிக்கு விஷம் வைக்கவே வேண்டாம். அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் பருந்தும் சேர்ந்து சாகும்.

அணிலைப் பிடித்துத் தொலைவில் விடுவதும் வீண். பல மாநிலங்களில் அது சட்டவிரோதம். தவிர, காலியான இடத்துக்கு வேறோர் அணில் வந்துவிடும்.

நியூஜெர்சியின் வடபகுதி போலக் கருங்கரடி நடமாடும் ஊர்களில் எந்தக் கூம்பும் உதவாது. கரடி கம்பத்தையே வளைத்துவிடும். அங்கே வசந்தத்தின் தொடக்கத்திலேயே பெட்டியைக் கழற்றி உள்ளே வையுங்கள். பூச்சியும் பழமும் கிடைக்கும் மாதங்களில் பறவைகள் பட்டினி கிடக்காது. கரடிகள் குகைக்குள் ஒடுங்கும் குளிர்காலத்தில் மறுபடி மாட்டினால் போதும்.