கலைப் பட்டத்துக்குப் பிறகு டாக்டர் படிப்பு: அவசரத்தில் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க, கல்லூரியில் அறிவியல்தான் எடுத்திருக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. வரலாறோ இலக்கியமோ இசையோ, எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் குறிப்பிட்ட சில பாடங்களை முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம். நான் பொருளாதாரப் பட்டத்தோடு நான்கு வருடம் அலுவலக வேலை பார்த்துவிட்டு, 26 வயதில் முதல் கெமிஸ்ட்ரி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் 18 வயதுப் பிள்ளைகள். விட்ட எட்டு வருடத்தை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்ற பதற்றம் அன்றைக்கே தொற்றிக்கொண்டது. நான் செய்த தவறுகளும், இதே வழியில் வந்த மற்றவர்கள் சொல்லக் கேட்டவையும் பெரும்பாலும் அந்தப் பதற்றத்தில் பிறந்தவைதான்.

இன்னொரு இளநிலைப் பட்டம் வாங்க வேண்டுமோ என்று குழம்புகிறவர்கள் நிறைய. வேண்டாம். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கேட்பது உயிரியல், ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் ஆகியவற்றில் ஆய்வகத்தோடு தலா ஒரு வருடம். கூடவே பயோகெமிஸ்ட்ரி. சில இடங்களில் புள்ளியியல், உளவியல், சமூகவியல். இந்தப் பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆய்வக வகுப்பை ஆன்லைனில் முடித்தால் ஏற்காத கல்லூரிகளும் உண்டு. சேர நினைக்கும் இடங்களின் விதிகளை முதல் வகுப்பில் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இங்கேதான் நான் சறுக்கினேன். ஜெனரல் கெமிஸ்ட்ரி முடித்தால்தான் ஆர்கானிக், அது ஆனால்தான் பயோகெமிஸ்ட்ரி என்று ஒரு வரிசை இருக்கிறது. கோடை விடுமுறையில் நெருக்கிப் படித்தால் தவிர, அதற்கே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிடும். அந்த வரிசையைக் குறைக்க முடியாது என்பதை யோசிக்காமல், முழுநேர வேலையையும் விடாமல், உயிரியல், கெமிஸ்ட்ரி, இயற்பியல் மூன்றையும் முதல் செமஸ்டரிலேயே எடுத்தேன். மூன்று ஆய்வகம், மூன்று அறிக்கை, வாரம் 40 மணி நேர வேலை. இயற்பியலில் சி பிளஸ் வந்தது. இத்தனைக்கும் இயற்பியலை அந்த ஆண்டு எடுத்ததால் ஒரு மாதம்கூட மிச்சமாகவில்லை. கெமிஸ்ட்ரி வரிசை முடிய எப்படியும் அவ்வளவு காலம் ஆகத்தான் செய்தது.

சரி, திரும்ப எடுத்தால் போச்சு என்று நினைத்தேன். அமெரிக்காவில் டாக்டராவதற்கான எம்டி படிப்பின் பொது விண்ணப்பமான ஆம்காஸ், இரண்டு தடவை வாங்கிய மதிப்பையும் சேர்த்தே கணக்குப் போடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. டாக்டராக இன்னொரு வழியான, ஆஸ்டியோபதிக் எனப்படும் டிஓ கல்லூரிகளின் விண்ணப்பத்தில் முன்பு புது மதிப்பு பழையதை மாற்றிவிடும். 2017-இல் அவர்களும் அதை நிறுத்திவிட்டார்கள். செமஸ்டர் நடுவிலேயே திணறுவது தெரிந்தால், கெடு தேதிக்குள் அந்தப் பாடத்திலிருந்து விலகிவிடுங்கள். மதிப்பெண் சான்றிதழில் விலகியதைக் காட்டும் ஒரே ஒரு டபிள்யூ இருப்பது, நிரந்தரமாக நிற்கும் ஒரு சி-யை விட எவ்வளவோ மேல்.

மதிப்பெண் கணக்கை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலைப் பட்டதாரிக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பட்டப் படிப்பில் 120 கிரெடிட்டுக்கு 3.2 ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் 36 கிரெடிட் அறிவியல் பாடங்களில் எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் மொத்த ஜிபிஏ சுமார் 3.38-க்குத்தான் ஏறும். இதைப் பார்த்து மனமுடைந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஆம்காஸ் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ போடுகிறது. அதில் உங்கள் பக்கம் கிட்டத்தட்ட வெற்றுத்தாள். உளவியலும் சமூகவியலும் அதில் சேராது, புள்ளியியல் கணிதமாகச் சேரும். அந்த வெற்றுத்தாளில் முதலில் விழும் நான்கைந்து மதிப்புகளுக்கு எடை அதிகம். அதனால்தான் முதல் செமஸ்டரில் இரண்டே பாடம் எடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

எங்கே படிப்பது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிரின் மார், கௌச்சர், ஸ்கிரிப்ஸ் போன்ற கல்லூரிகளில் அறிவியல் படிக்காமல் வருகிறவர்களுக்கென்றே, பட்டத்துக்குப் பிறகு இந்தப் பாடங்களை முடிக்க போஸ்ட்பேக் திட்டங்கள் உண்டு. அவற்றில் நன்றாகச் செய்தால், ஒப்பந்தம் உள்ள சில மருத்துவக் கல்லூரிகளில் இடையில் ஒரு வருடம் வீணாகாமல் நேராகச் சேர வாய்ப்பும் கிடைக்கும். ஆனால் இத்தகைய திட்டங்கள் பொதுவாக, தேவையான பாடங்களில் பெரும்பாலானவற்றை ஏற்கெனவே முடித்தவர்களை எடுப்பதில்லை. சும்மா இருப்பானேன் என்று பக்கத்துக் கல்லூரியில் மூன்று நான்கு பாடங்களை முடித்துவிட்டுப் போனால் கதவு மூடியிருக்கலாம். அதேபோல ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் படிப்புகள் அறிவியலைப் படித்து மதிப்பெண் குறைந்தவர்களுக்கானவை. உங்களுக்கு அது தேவைப்படாது. பணம் குறைவென்றால் பாடங்களைத் தனித்தனியாக எடுத்து நீங்களே முடித்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் முடித்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அறிவியல் பேராசிரியர் இருவரிடமாவது பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டியிருக்கும். 300 பேர் உள்ள வகுப்பில் கடைசி வரிசையில் இருந்துவிட்டு ஓடினால் உங்களைப் பற்றி எழுத அவரிடம் என்ன இருக்கும்?

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டை 'ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்' என்று எழுதாதீர்கள். மதிப்பெண் 472-இலிருந்து 528 வரை. ஒரு ஆண்டில் 3 தடவை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் 4, வாழ்நாளில் 7 தடவைதான் எழுதலாம். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும், எழுதி முடித்து ரத்து செய்தாலும் அது ஒரு தடவையாகவே எண்ணப்படும். ஆர்கானிக்தான் பூதம் என்று பயந்து அதிலேயே மாதக்கணக்கில் மூழ்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேர்வில் அதன் பங்கு சிறியது. வேதியியல்-இயற்பியல் பகுதியில் சுமார் 15 சதவீதம், உயிரியல் பகுதியில் 5. பயோகெமிஸ்ட்ரியோ இரண்டிலும் 25 சதவீதம் வருகிறது. அதைப் படிக்காமல் தேர்வுக்குப் போவது வீண். அப்புறம், 53 கேள்விக்கு 90 நிமிடம் தரும் கார்ஸ் என்ற வாசிப்புப் பகுதி இருக்கிறதே, அது நாம் வருடக்கணக்காகச் செய்து பழகிய வேலை. நமக்குத்தான் வருமே என்று பயிற்சி செய்யாமல் விட்டு, கையில் இருந்த மதிப்பெண்ணை இழக்காதீர்கள்.

விசாவில் இருப்பவர்கள் முதலிலேயே பார்க்க வேண்டிய ஒன்று: குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுக்காத மருத்துவக் கல்லூரிகள் பல. வெளிநாட்டில் வாங்கிய பட்டத்தின் மதிப்பெண்களை ஆம்காஸ் ஜிபிஏ-வில் சேர்ப்பதில்லை. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கும் கடன் இனி கேட்ட அளவுக்கெல்லாம் கிடைக்காது. 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக மருத்துவம் சேர்கிறவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்பு உண்டு.

நோயாளிகளின் பக்கத்தில் போவதைக் கடைசிக்குத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. டாக்டர் கூடவே போய் அவர் வேலையைக் கவனிக்கும் ஷேடோயிங் பத்து நாள் செய்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். விண்ணப்பத்துக்காக மட்டும் சொல்லவில்லை, உங்களுக்காகத்தான் சொல்கிறேன். நல்ல சம்பளத்தை விட்டு, பத்து வருடத்தைக் கொடுக்கப் போகிறீர்கள். படுக்கையில் கிடப்பவரின் கோபத்தையும் பயத்தையும் நாற்றத்தையும் பார்த்த பிறகும் அங்கேயே நிற்கத் தோன்றுகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? வாரம் நான்கு மணி நேரம், கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸில் தன்னார்வலராகப் போங்கள். இல்லையென்றால் ஆம்புலன்ஸ் பயிற்சி எடுத்து வேலை பாருங்கள், டாக்டருக்குக் குறிப்பெழுதும் ஸ்கிரைப் ஆகுங்கள். முதல் வகுப்போடு அதையும் தொடங்கிவிடுங்கள்.

பழைய படிப்பை மறைப்பது இன்னொன்று. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987-லேயே கலை, சமூக அறிவியல் மாணவர்களை ஆர்கானிக்கும் இயற்பியலும் எம்கேட்டும் இல்லாமல் எடுக்கத் தொடங்கியது. அவர்கள் மற்ற மாணவர்களுக்குச் சமமாகவே படித்தார்கள் என்று 2010-இல் ஆய்வும் வந்தது. இது தெரியாமல், ஆம்காஸ் கட்டுரைக்குத் தரும் 5,300 எழுத்துகளில் பாதியை ஏன் முதலிலேயே அறிவியல் படிக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டே தீர்த்திருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஹாஸ்பிஸில் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்ட ஒரு பெரியவரைப் பற்றி எழுதினேன். செலவைக் குறைக்க அவர் போட்ட கணக்கு எனக்கு உடனே புரிந்தது, நான் படித்ததே அதுதான்.

விண்ணப்பம் மே மாதம் திறந்து, மாத இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ அனுப்பலாம். பல கல்லூரிகள் விண்ணப்பங்கள் வந்து சேரச் சேர நேர்காணலுக்கு அழைத்து இடங்களை நிரப்பிக்கொண்டே போகும். எம்கேட் மதிப்பெண் வரவே ஒரு மாதம் ஆகும். ஜூனுக்குள் மதிப்பெண்ணும் கடிதங்களும் கட்டுரையும் தயாராகவில்லை என்றால் அந்த ஆண்டை விட்டுவிடுங்கள். அரைகுறையாக ஆகஸ்டில் அனுப்பி இடம் கிடைக்காமல் போனால், மறு வருடம் விண்ணப்பிக்கும்போது போன தடவைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று கேட்பார்கள்.